ஃபைல் இப்போது யார் மேஜையில்?

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுக்க அமெரிக்க அரசியல். வந்த கடிதங்களைப் பார்த்தால், வாசகர்கள் செய்திகளை விடாமல் படிக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் பிரதமர், கொறடா, தேர்தல் ஆணையம் எல்லாம் அங்கேயும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். கணக்கு இடிப்பது அந்த இடத்தில்தான். யார் என்ன முழங்கினார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஃபைல் யார் மேஜையில் நிற்கிறது என்று பார்த்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ‘காங்கிரஸில் டிரம்ப் கட்சிக்குப் பெரும்பான்மை’ என்று பேப்பரில் போடுகிறார்கள். காங்கிரஸ் என்றால் எதிர்க்கட்சிதானே, அதில் இவருக்கு எப்படிப் பெரும்பான்மை வரும்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பல பேருக்கு இருக்கிற சந்தேகம்தான். அங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றத்தின் பெயர். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர், இரண்டும் சேர்ந்தது காங்கிரஸ். கட்சிகள் இரண்டு: குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி. இந்தத் தமிழாக்கப் பெயர்களை வைத்துக் கொள்கையை ஊகிக்கப் பார்க்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது.

செனட்டை ‘மேலவை’ என்று எழுதுவதால் இன்னொரு குழப்பம். படிப்பவருக்கு உடனே மாநிலங்களவை ஞாபகம் வந்துவிடுகிறது. மாநிலங்களவையால் ஒரு பண மசோதாவை 14 நாளுக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. செனட் நினைத்தால் எந்த மசோதாவையும் கிடப்பில் போடலாம். அமைச்சர், தூதர், கூட்டாட்சி நீதிபதி நியமனங்களுக்கும் செனட்டின் ஒப்புதல் வேண்டும். சுமார் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள், 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள்.

அமைச்சர் என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். அங்கே அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அரசியல் சட்டம். 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோ செனட்டர் பதவியை விட்டுவிட்டுத்தான் வெளியுறவு அமைச்சர் ஆனார். அங்கே அமைச்சர் அதிபரின் ஆள். அவருக்கென்று தொகுதி கிடையாது, ஓட்டு வங்கியும் கிடையாது.

கேள்வி: 2025 செப்டம்பரில் ‘எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர்’ என்று டிவியில் ஓடியதும், லீவில் வந்திருந்த பையன் அடித்துப் பிடித்து டிக்கெட் போட்டுக் கிளம்பினான். மறுநாளே ‘பழைய விசாக்காரர்களுக்கு இல்லை’ என்றார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் எதை வைத்து முடிவெடுப்பது? (ஒரு தகப்பனார்)

பதில்: முதலில் நடந்ததை நேரப்படி பார்த்துவிடுவோம். செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை அதிபர் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். நடைமுறைக்கு வரும் நேரம் ஞாயிறு அதிகாலை 12.01, அவர்களுடைய கிழக்கு மண்டல நேரம். இந்தியாவில் அப்போது ஞாயிறு காலை 9.31. கையெழுத்தான இடத்திலேயே வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் அது வருடா வருடம் கட்ட வேண்டிய தொகை என்கிற மாதிரி பேசினார். பிரகடனத்தின் வாசகத்தில் ‘வருடா வருடம்’ என்பது இல்லை. ஆனால் ஏற்கெனவே விசா வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் திரும்பும்போது என்ன ஆகும் என்பதும் அதில் தெளிவாக இல்லை. சனிக்கிழமைதான் குடியுரிமைச் சேவைத் துறையின் குறிப்பு வந்தது: இனிமேல் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கு மட்டும். ஒரே முறை கட்டும் கட்டணம் என்று வெள்ளை மாளிகையும் அன்றுதான் விளக்கியது.

ஆகவே உங்கள் பையன் ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வாசகம் மங்கலாக இருந்த அந்த ஒரு நாளில், பெரிய பெரிய கம்பெனிகளே ஊழியர்களை உடனே திரும்பி வரச் சொல்லின.

அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பேட்டி, மேடைப் பேச்சு, சமூக வலைத்தளப் பதிவு எல்லாம் அடிப்படி. அவற்றுக்குச் சட்ட பலம் ஏதும் இல்லை. அதற்கு மேலே நிர்வாக ஆணையும் பிரகடனமும். கையெழுத்தாகி, ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்ற அரசிதழில் வெளியாகும். ஏற்கெனவே உள்ள ஒரு சட்டம் அதிபருக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்துக்குள்தான் இவை நிற்க முடியும். அடுத்த அதிபர் வந்து ஒரே கையெழுத்தில் ரத்து செய்யலாம். அதற்கும் மேலே விதி. துறை முதலில் வரைவை வெளியிடும், பொதுமக்கள் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 அல்லது 60 நாள் தரும், வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதி இறுதி விதியை அறிவிக்கும். 1946 சட்டம் வகுத்த முறை இது. மாதக்கணக்கில் இழுக்கும். உச்சிப்படியில் காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டம்.

படி தெரிந்தபின் அந்தக் காகிதத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அமலாகிறது? யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு? எப்போது காலாவதி? (அந்த எச்1பி பிரகடனத்துக்கு, நீட்டிக்காவிட்டால், 12 மாதம்.) எந்தச் சட்டப் பிரிவைக் காட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? கடைசிக் கேள்வியை நாம் கண்டுகொள்வதில்லை, வழக்கறிஞர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். 2025 ஜனவரி 20 அன்று, அங்கே பிறக்கும் குழந்தைகள் சிலருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது என்று ஓர் ஆணை வந்தது. 30 நாள் கழித்துத்தான் அமல் என்று அதிலேயே போட்டிருந்தது. மூன்றாம் நாளே சியாட்டில் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ‘குடியுரிமை போயிற்று’ என்று இங்கே கொட்டை எழுத்தில் செய்தி வந்த வாரத்தில், அங்கே ஒரு குழந்தைக்கும் எதுவும் மாறவில்லை.

கேள்வி: 50 சதவீத வரி போட்டபோது அந்தப் பணத்தை அமெரிக்காவுக்கு இந்தியா கட்டியதா? (வணிகவியல் மாணவர்)

பதில்: கட்டுபவர் அமெரிக்காவில் சரக்கை இறக்கும் இறக்குமதியாளர். அவருடைய பணம் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகிறது. இதில் வெளிநாட்டு அரசுக்கு வேலையே இல்லை. ‘அந்த நாட்டிடம் இவ்வளவு வசூலிக்கிறோம்’ என்று மேடையில் பேசுவதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள், அதனால் வந்த குழப்பம்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி பில்லில் விலை 10 டாலர். பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு அங்கே வழக்கமான சுங்க வரி 16.5 சதவீதம், அதாவது 1.65 டாலர். 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதமும் 27இல் இன்னொரு 25 சதவீதமும் கூடுதலாக வந்தபோது இன்னும் 5 டாலர் ஏறியது. இறக்குமதியாளர் கையில் அந்தச் சட்டை வந்து சேரும்போது, கப்பல் கூலி தவிர்த்து, 16.65 டாலர். வரி கணக்கிடுவது பில் விலைக்குத்தான். கடையில் அதை 30 டாலருக்கு விற்றாலும் வரி அதே 6.65.

ஏற்றுமதியாளர் தலையில் சுமை விழுவது இதற்கப்புறம். இறக்குமதியாளர் ஃபோன் போட்டு ‘பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பார். விலையை 9 டாலருக்கு இறக்கினால் வரியும் 5.99 ஆகக் குறையும், அவருக்கு அடக்கம் 15 டாலருக்குள் வந்துவிடும். இறக்க மறுத்தால் அடுத்த சீசன் ஆர்டர் வரி குறைந்த வேறு நாட்டுக்குப் போய்விடும். ஆக, கட்டுகிற கை இறக்குமதியாளருடையது. வலியை உற்பத்தியாளரும் வாங்குபவரும் பேரத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இதிலும் ‘எந்தச் சட்டம்’ என்று கேட்டே ஆக வேண்டும். அரசியல் சட்டப்படி சுங்க வரி விதிப்பது காங்கிரஸின் வேலை. அந்த அதிகாரத்தில் கொஞ்சத்தை 1962, 1974 வர்த்தகச் சட்டங்கள் வழியாக அதிபருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. எஃகு, அலுமினியத்துக்கு 2018இல் போட்ட வரி 1962 சட்டத்தின் கீழ் வந்தது. 2025இல் நாடு நாடாகப் போட்ட வரிக்கு எடுத்தது 1977 அவசரநிலைப் பொருளாதாரச் சட்டத்தை. அதில் ‘வரி’ என்ற சொல்லே இல்லை என்று வழக்குப் போட்டார்கள். மே மாதம் வர்த்தக நீதிமன்றம் செல்லாது என்றது, ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-4 என்ற கணக்கில் அதையே சொன்னது, விவகாரம் உச்ச நீதிமன்றம் ஏறியது. இத்தனைக்கும் நடுவில் துறைமுகத்தில் வசூல் நிற்கவில்லை. கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்த அன்றே வரி போய்விட்டதாக நினைத்து விலை பேசியிருந்தால் நஷ்டம்தான்.

கேள்வி: 2016இல் ஹிலரி கிளின்டன் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார். இது என்ன ஜனநாயகம்? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: நீதி நியாயத்தை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள், கணக்கை மட்டும் சொல்கிறோம். அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 தேர்வாளர் ஓட்டுகள். மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபைக் கணக்கில் 435, செனட் கணக்கில் 100, இவற்றோடு தலைநகர் வாஷிங்டனுக்கு 3. ஜெயிக்க 270. 50 மாநிலங்களில் 48, முதலில் வந்தவருக்கே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடும். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் தொகுதிவாரியாகப் பிரிக்கும். கலிஃபோர்னியாவில் ஹிலரி 42 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 55தான் கிடைத்திருக்கும். டிரம்ப் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் சேர்த்துச் சுமார் 78,000 ஓட்டில் ஜெயித்து 46 தேர்வாளர் ஓட்டுகளை அள்ளினார். நாடு முழுக்கக் கூட்டினால் ஹிலரிக்குச் சுமார் 28.7 லட்சம் அதிகம், ஆனால் அந்தக் கூட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

2020இலும் இதே கதைதான், நாம் கவனிக்கவில்லை. பைடன் நாடு முழுக்கச் சுமார் 70 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். ஆனால் அரிசோனா (10,457), ஜார்ஜியா (11,779), விஸ்கான்சின் (20,682) மூன்றும் கைநழுவியிருந்தால் 306 என்பது 269 ஆகியிருக்கும். 269-269 என்றால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஓர் ஓட்டு, 26 கிடைத்தவர் அதிபர்.

இதனால் தேர்தல் சமயத்தில் நியூயார்க்கில் இருக்கும் சொந்தக்காரரிடம் ‘காற்று எந்தப் பக்கம்?’ என்று கேட்பது வீண். அவர் சொல்வது நியூயார்க்கின் காற்று. 2024இல் இழுபறி என்று கருதப்பட்டவை ஏழே மாநிலங்கள்: மேலே சொன்ன ஐந்துடன் வட கரோலைனா, நெவாடா. மொத்தம் 93 தேர்வாளர் ஓட்டு. ஏழும் டிரம்புக்கே விழுந்தன.

கேள்வி: அவ்வளவு பணக்கார நாடு, ஓட்டு எண்ண ஏன் நாள்கணக்கில் ஆகிறது? தேர்தல் ஆணையம் என்ன செய்கிறது? (அரசு ஊழியர், பலமுறை வாக்குச்சாவடிப் பணி பார்த்தவர்)

பதில்: தேர்தல் பணி பார்த்தவர் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்துகிற ஆணையம் அங்கே கிடையாது. 1970களில் உருவான கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, பிரச்சாரப் பணத்தின் வரவு செலவைப் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. தேர்தலை நடத்துவது மாநிலங்கள், கையால் செய்வது 3,000க்கும் மேற்பட்ட கவுன்டிகள். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி: அடையாள அட்டை வேண்டுமா, தபால் ஓட்டு யாருக்கு, கடைசித் தேதி எது, எல்லாமே மாறும்.

ஓட்டுச்சீட்டும் நம்முடையது மாதிரி ஒரே போட்டிக்கானது கிடையாது. அதிபரில் தொடங்கி, செனட்டர், பிரதிநிதி, மாநில சட்டசபை, ஷெரீஃப், சில இடங்களில் நீதிபதி, பள்ளி வாரியம், அதற்கும் கீழே ‘இந்தக் கடன் பத்திரத்துக்குச் சம்மதமா’ என்கிற வகைக் கேள்விகள் வரை ஒரே சீட்டில் வரும். இரண்டு பக்கமும் அச்சடித்தும் இடம் போதாத ஊர்கள் உண்டு. வட்டத்தை நிரப்பி ஸ்கேனருக்குள் செலுத்துவார்கள்.

தாமதம் பெரும்பாலும் தபால் ஓட்டில். பென்சில்வேனியாவில் ஒரு சீட்டு என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். வெளி உறையில் வாக்காளர் கையெழுத்து. உள்ளே ரகசிய உறை. அதற்குள் சீட்டு. ரகசிய உறை இல்லாமல் வெளி உறையில் சும்மா போட்டு அனுப்பினால் ஓட்டு செல்லாது. தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் ஓர் உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். 2020இல் சுமார் 26 லட்சம் தபால் ஓட்டு வந்தால் வேறென்ன ஆகும்? ஃபுளோரிடாவில் முன்கூட்டியே பிரித்துத் தயார் செய்யலாம், அதனால் அங்கே அன்று இரவே ஏறக்குறைய முடிந்துவிடும். கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால், ஏழு நாள் கழித்து வந்து சேர்ந்ததையும் 2024இல் ஏற்றுக்கொண்டார்கள்.

‘நடு ராத்திரியில் முடிவு மாறியது’ என்ற சந்தேகத்தின் மூலமும் இதுதான். 2020இல் தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று டிரம்ப் சொன்னதால் அவர் ஆட்கள் நேரில் போனார்கள், எதிர்த்தரப்பு தபாலில் போட்டது. நேரடி ஓட்டை முதலில் எண்ணிய இடங்களில் முதல் சில மணி நேரம் அவர் முன்னிலை. விஸ்கான்சினின் மில்வாக்கி நகரம் தபால் ஓட்டுகளை ஒரே கூடத்தில் எண்ணி, அதிகாலையில் மொத்தமாக ஏற்றியது. டிவி வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியதற்குக் காரணம் அந்தத் தொகுப்புதான். ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் மறுபடி கையால் எண்ணிப் பார்த்தார்கள், பைடன் வெற்றி மாறவில்லை. ‘11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று டிரம்ப் ஃபோனில் கேட்டது அந்த மாநிலத்தின் தேர்தல் பொறுப்பாளரிடம்தான். தோற்ற வித்தியாசத்தைவிட ஒன்றே ஒன்று அதிகம்.

அன்றிரவு ‘வெற்றி’ என்று அறிவிப்பது செய்தி நிறுவனங்கள். அசோசியேட்டட் பிரஸ் 1848இலிருந்து இந்தக் கணக்கைப் போடுகிறது. சட்டப்படியான முடிவு வரும் வழி வேறு: கவுன்டிகள் சான்றளிக்கும், மாநிலம் சான்றளிக்கும், டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், ஜனவரி 6 காங்கிரஸ் எண்ணும், ஜனவரி 20 நண்பகல் பதவியேற்பு.

கேள்வி: சிவப்பு மாநிலம் என்றால் கம்யூனிஸ்ட் செல்வாக்கு உள்ள மாநிலமா? (கல்லூரி மாணவி)

பதில்: அங்கே போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். உலகம் முழுக்கச் சிவப்பு இடதுசாரி நிறம், அமெரிக்காவில் மட்டும் வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் நிறம். இதுவும் பழைய மரபு இல்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு டிவியும் ஒவ்வொரு நிறம் போட்டது. 2000 தேர்தல் முடிவு ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் தொங்கி, ஐந்து வாரம் அதே வரைபடத்தையே காட்டிக் காட்டி நிறம் ஒட்டிக்கொண்டது. ‘லிபரல்’ என்ற சொல்லும் அப்படித்தான்: அமெரிக்காவில் இடப்பக்கம் சாய்ந்தவர், ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்றால் வலப்பக்கம்.

கேள்வி: ‘ஜெயிக்க 71 சதவீதம் வாய்ப்பு’ என்று சொன்னவர்கள் எல்லாம் 2016இல் எங்கே போனார்கள்? (டீக்கடையில் பந்தயம் தோற்றவர்)

பதில்: தேர்தல் கணிப்புத் தளமான ஃபைவ்தர்ட்டிஎய்ட் ஹிலரிக்கு 71, டிரம்புக்கு 29 என்றது. 71 சதவீத ஓட்டு என்று அதற்கு அர்த்தம் இல்லை. பத்துத் தடவையில் மூன்று தடவை மற்றவர் ஜெயிப்பார் என்று அர்த்தம். மழை வாய்ப்பு 29 சதவீதம் என்றால் குடை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஒவ்வொருவர் ஆதரவும் சுமார் 3 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம், இருவருக்கும் உள்ள இடைவெளியில் பிழை ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு மாநிலத்தில் 2 புள்ளி முன்னிலை என்றால் பந்தயம் கட்டாதீர்கள்.

கேள்வி: அதிபர், இரண்டு சபை, எல்லாமே ஒரே கட்சி கையில். அப்படியும் 2025இல் அரசாங்கமே மூடிக் கிடந்தது. ஆளும் கட்சிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லையா? (வங்கி மேலாளர்)

பதில்: செனட்டில் 51 பேர் இருந்தால் பெரும்பான்மை, ஆனால் பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். 1975இலிருந்து இந்த எண். அரசியல் சட்டத்தில் இருப்பதில்லை, செனட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. குடியரசுக் கட்சியிடம் இருந்தது 53. அக்டோபர் 1 புது நிதியாண்டு பிறந்தபோது செலவு மசோதாவுக்கு 60 சேரவில்லை, கஜானா பூட்டு. மொத்தம் 43 நாள் ஓடியது, கடைசியில் எதிர்த்தரப்பிலிருந்து 8 பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், சொந்தக் கட்சியில் ஒருவர் எதிர்த்தார், கூட்டிக் கழித்துச் சரியாக 60-40. நாடாளுமன்ற முறையில் செலவு மசோதா தோற்றால் அரசு கவிழும், தேர்தல் வரும். அங்கே அதிபருக்கு நான்கு வருடம் நிலையான பதவி, அதனால் அரசு கவிழாது, அலுவலகம்தான் மூடும்.

60 தேவைப்படாத வழிகள் உண்டு. நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வரவு-செலவு தொடர்பான மசோதாவை ‘ரீகன்சிலியேஷன்’ என்ற தனி வழியில் 51 ஓட்டில் நிறைவேற்றலாம். ஆனால் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்கிற சட்டம் அங்கே இல்லை. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை உடைக்க வந்த மசோதா இதே வழியில்தான் வந்தது. சொந்தக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதிகாலையில் சபைக்கு நடுவில் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49-51, முடிந்தது. அவர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கஜானா பூட்டியதும் விசா நேர்காணல் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். தூதரக விசா வேலை பெரும்பாலும் கட்டண வருமானத்தில் ஓடுகிறது, பொதுவாக நிற்காது. இடிப்பது வேறு இடம்: எச்1பி மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். 2013இல் அந்தத் துறைக்குப் பணம் இல்லை, சான்று நின்றது. 2018-19இல் 35 நாள் மூடியபோது அந்தத் துறைக்கு மட்டும் முன்பே பணம் ஒதுக்கியாகிவிட்டது, எனவே சான்று ஓடியது. ‘அரசு முடக்கம்’ என்று படித்தால், எந்தத் துறையின் ஒதுக்கீடு நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நம் வம்சாவளிக்காரர்கள் அங்கே பெரிய பதவிக்கு வந்தால் நமக்கு நல்லதுதானே? (இல்லத்தரசி)

பதில்: கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரம் கோயிலில் அர்ச்சனை செய்தவர்களின் அன்பைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அவர்களுக்கு ஓட்டுப் போடுவது அங்குள்ள தொகுதி. சென்னையில் பிறந்த ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி பிரமிளா ஜெயபால் 2019 டிசம்பரில் காஷ்மீரில் தகவல் தொடர்புத் தடையை விலக்கச் சொல்லிப் பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ராஜா கிருஷ்ணமூர்த்தி அதே கட்சி, இந்திய விஷயங்களில் அவர் போக்கு வேறு. பெயரைப் பார்க்காமல் காங்கிரஸில் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு தடவை பதவி நீக்கம் செய்யப்பட்ட டிரம்ப் மறுபடி எப்படி அதிபர் ஆனார்? (சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: ‘இம்பீச்மென்ட்’ என்பதைப் பதவி நீக்கம் என்று எழுதுவதால் வந்த வினை. அது குற்றச்சாட்டுத்தான். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் சாட்டும், செனட் மூன்றில் இரண்டு பங்கில் உறுதி செய்தால்தான் பதவி போகும். 2021 பிப்ரவரியில் 57-43, தேவை 67. இதுவரை எந்த அதிபரும் இந்த வழியில் பதவி இழந்ததில்லை. நிக்சன் 1974இல் தானாக விலகியவர்.

கேள்வி: ‘கிரீன் கார்டு வரம்பு நீக்கம், மசோதா நிறைவேறியது’, ‘ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீத வரி’ என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? (மகள் அமெரிக்காவில் இருக்கும் தாயார்)

பதில்: இரண்டும் ஒரு கட்டத்தில் பாதி உண்மையாக இருந்தவை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இதைத் தூக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேற்றினால்தான் மசோதா அதிபரிடம் போகும். வாசகம் ஒன்றாகவில்லை, அந்தக் காங்கிரஸின் ஆயுள் 2021 ஜனவரியில் முடிந்தது, மசோதாவும் செத்தது. அந்தப் பழைய செய்தி இன்னும் சுற்றுகிறது.

பார்க்கும் முறை இது. காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதா எண்ணைப் போடுங்கள். ‘எச்.ஆர்.’ என்று தொடங்கினால் பிரதிநிதிகள் சபை மசோதா, ‘எஸ்.’ என்றால் செனட். பக்கத்தின் மேலேயே ஒரு கோடு இருக்கும்: அறிமுகம், ஒரு சபை, மறு சபை, அதிபர், சட்டம். அறிமுகத்திலேயே நின்றால் மறந்துவிடுங்கள். ஒரு காங்கிரஸின் ஈராண்டு ஆயுளில் 10,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் வருகின்றன, சட்டமாவது சில நூறு. எந்தக் காங்கிரஸ் என்ற எண்ணையும் பாருங்கள். 2025, 2026 இரண்டு ஆண்டும் 119ஆவது. அதற்கும் குறைந்த எண், சட்டமாகவில்லை என்றால், அது இறந்துபோன மசோதா.

பணம் அனுப்பும் வரி சட்டமானது உண்மை, ஆனால் வந்த வழியில் உருமாறியது. 2025 மே மாதம் குழுவில் 5 சதவீதம், பிரதிநிதிகள் சபையில் 3.5, செனட்டில் 1. ஜூலை 4 கையெழுத்து, 2026 ஜனவரி 1 முதல் அமல். ரொக்கம், மணி ஆர்டர், வங்கி காசோலை போன்றவற்றைக் கையில் கொடுத்து அனுப்பினால்தான் அந்த 1 சதவீதம். உங்கள் மகள் தன் வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலோ அனுப்பினால் இந்த வரி கிடையாது.